அ ஹார்ஸ் அண்ட் டூ கோட்ஸ் (சிறுகதை)

அ ஹார்ஸ் அண்ட் டூ கோட்ஸ் (ஒரு குதிரையும் இரண்டு ஆடுகளும்) என்பது ஆர். கே. நாராயண் (1906–2001) ஆங்கிலத்தில் எழுதிய சிறுகதை ஆகும். 1970ஆம் ஆண்டு இதே பெயரில் வெளியான ஐந்து கதைகள் கொண்ட தொகுப்பின் தலைப்புக்கதை இது. ஏழைகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்படும் இந்தியக் கதைகளை அந்த ஏழைகளால் படிக்க இயலாது என்பது அவ்விலக்கியத்தின் நீண்டகாலச் சிக்கல். இக்கதை அச்சிக்கலையே தன் கருவாகக் கொண்டுள்ளது.

கதைச் சுருக்கம்

கிரீடம் என்னும் பொருள்படும் பெயர் கொண்ட கிரிதம், முப்பது வீடுகள்கூட இல்லாத சிற்றூர். அங்கு வாழும் முதியவர் முனியிடம் முன்பு நாற்பது ஆடுகள் இருந்தன. இப்போது எஞ்சியிருப்பவை இரண்டு மட்டுமே. வீட்டு வாசலில் முருங்கை மரம் உண்டு. குழம்பு வைக்கப் பருப்பு இல்லை. கடைக்காரர் கடன் தர மறுக்கிறார். நெடுஞ்சாலை ஓரத்து மண்குதிரைச் சிலையின் நிழலில் முனி ஆடு மேய்த்துக்கொண்டிருக்கும்போது, எரிபொருள் தீர்ந்த மகிழுந்தில் ஓர் அமெரிக்கர் வந்து சேர்கிறார். காக்கி உடையைக் கண்ட முனி, அவரைக் காவல்துறையைச் சேர்ந்தவர் என்று எண்ணி அஞ்சுகிறார்.

ஒருவருக்குத் தமிழ் தெரியாது. மற்றவருக்கு ஆங்கிலத்தில் ‘யெஸ்’, ‘நோ’ ஆகிய இரண்டு சொற்களே தெரியும். அமெரிக்கர் சிலைக்கு விலை பேசுகிறார். முனியோ கலியுக முடிவில் அக்குதிரை உயிர்பெற்று எழும் என்று விளக்குகிறார். இறுதியில் நூறு ரூபாய் கைமாறுகிறது. ஆடுகளை விற்றுவிட்டதாக எண்ணி முனி வீடு திரும்புகிறார்; சிலை பெயர்த்து எடுத்துச் செல்லப்படுகிறது. மனைவி அவர்மீது திருட்டுப் பழி சுமத்தும் வேளையில் ஆடுகள் தாமாகவே வீட்டு வாசலுக்கு வந்துவிடுகின்றன.

சமூக நோக்கு

முல்க் ராஜ் ஆனந்த் போன்றோரின் கதைகளில் வெளிப்படையாகத் தெரியும் சினம் நாராயணிடம் இல்லை. இதனால் அவரை வெறும் நகைச்சுவை எழுத்தாளராகக் கருதுவோர் உண்டு. அது முழுமையான மதிப்பீடு அன்று. தம் இளமையில் பிராமணர்களே பள்ளிக்குச் செல்ல முடிந்தது என்றும், தம் போன்றோர் காலை முதல் இரவு வரை வயலில் உழைத்தனர் என்றும் முனி சொல்கிறார். அவருக்கு ஆங்கிலம் தெரியாததன் காரணம் இங்கே விளங்கிவிடுகிறது. ஆனால் எதிரில் நிற்பவருக்கு அது புரிவதில்லை.

சிலை முனியுடையது அன்று, ஊருடையது. ஊரில் எவரிடமும் கேட்காமலே அது அயல்நாட்டு வரவேற்பறைக்குப் புறப்படுகிறது. (நூறாண்டு பழமையான கலைப்பொருட்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதைத் தடுக்கும் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது.)

தமிழாக்கத்தில் எழும் சிக்கல்

மூலத்தில் இருவர் பேச்சும் ஆங்கிலத்திலேயே அச்சாகியுள்ளது. முனி பேசுவது தமிழ் என்பதை வாசகரே உணர்ந்துகொள்ள வேண்டும். தமிழில் பெயர்த்தால் இருவரும் தமிழிலேயே பேசுவதாகிவிடும், நகைச்சுவை மறைந்துபோகும். முனிக்கு வட்டார வழக்கையும் அமெரிக்கருக்கு ஏட்டுத் தமிழையும் தருவது ஒரு வழி. அவ்வாறெனில், எந்த வட்டாரம்? கிரிதம் கற்பனை ஊர். தேனி மாவட்டத்தை எடுத்துக்கொண்டால், முல்லைப் பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களைவிட ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரி மேய்ச்சல் நிலமே முனிக்குப் பொருந்தும். அங்குள்ள மேய்ப்பர் வெள்ளாடு, செம்மறி, கிடாய், மறி என்று பிரித்துச் சொல்வார். மூலத்திலோ பெரும்பாலும் ‘கோட்’, ‘ஷீப்’ என்னும் இரு சொற்களே உள்ளன.

இதற்கு நேர்மாறான பயணமும் உண்டு. அப்பள்ளத்தாக்கின் சின்னமனூரில் பிறந்த சி. சு. செல்லப்பா தமிழில் எழுதிய குறுநாவல் வாடிவாசல். என். கல்யாணராமனின் மொழிபெயர்ப்பில் 2013இல் அது ஆங்கிலத்தில் வெளிவந்தது. மாடு பிடிப்போரின் பேச்சு அங்கே மூலத்திலேயே இருந்தது. முனியின் தமிழுக்கு அப்படியொரு மூலம் இல்லை. மொழிபெயர்ப்பாளரே அதை உருவாக்க வேண்டும்.