உடைந்த காப்பும் ஓர் ஊராகும்

ஊர் திரும்பும் குடும்பங்கள் முதலில் செய்வது வளவைத் துப்புரவாக்குவதே. உடைந்த ஓடு, பீங்கான் துண்டு, துருப்பிடித்த சைக்கிள் யாவும் வேலியோரம் குவிகின்றன. அந்தக் குவியலைக் காணும்போதெல்லாம் எமக்கு நேக் சந்த் என்பவரின் நினைவு வரும்.

அவரும் இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பத்தின் பிள்ளையே. இன்று பாகிஸ்தானிலுள்ள சகர்கர் பகுதியில் 1924இல் பிறந்தவர். 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் ஊரையும் காணியையும் விட்டு இந்தியா வந்தார். 1951இல் சண்டிகரில் வீதிப் பரிசோதகராக வேலை கிடைத்தது. லெ கோர்பூசியே திட்டமிட்ட அப்புதிய நகருக்காக இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் அகற்றப்பட்டன. இடிந்த வீடுகளின் மிச்சங்கள் எங்கும் கிடந்தன.

1957 அளவில், வேலை முடிந்தபின், அவர் அவற்றைச் சைக்கிளில் சேர்த்து வந்து, நகரின் ஓரத்திலுள்ள அரச காட்டினுள் ஒளித்து வைத்தார். இரும்பை எலும்பாக நிறுத்திச் சீமெந்துக் கலவை பூசினார். அது காயுமுன் உடைந்த காப்புகளையும் பீங்கான் துண்டுகளையும் பதித்தார். சைக்கிள் இருக்கை மிருகத்தின் தலையாயிற்று. முன்சில்லைப் பிடிக்கும் கவர் கால்களாயிற்று. மனிதரும் மாடுகளும் பறவைகளுமாக ஓர் ஊரே எழுந்தது.

ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் கழித்தே அதிகாரிகள் இதை அறிந்தனர். சட்டப்படி அது இடிக்கப்பட வேண்டியது. ஆனால் மக்கள் திரண்டு வந்து பார்த்தனர். 1976இல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது. அவருக்குச் சம்பளமும் 50 தொழிலாளரும் வழங்கப்பட்டனர். 1984இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. 1990இல் வீதி அமைக்கவென புல்டோசர்கள் வந்தபோது, மக்கள் கைகோத்து நின்று தடுத்தனர். 2015இல் அவர் காலமானார், பூங்கா நிலைத்திருக்கிறது.

இழந்த ஊர் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. சிலைகள் காணிக்கு ஈடாகா. காணிக்கான நியாயத்தை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆயினும், எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் தம் கையால் அவர் ஒன்றை ஆக்கினார். பிறர் அதைத் தமதென்று காத்தனர்.

ஆகவே, அந்தக் குவியலைப் புதைக்குமுன் ஒருமுறை பாருங்கள். இன்னதென்று தெரியாத இரும்பைத் தொடவேண்டாம், உரியவர்களுக்கு அறிவியுங்கள். ஆனால் அம்மா சோறிட்ட கோப்பையின் துண்டொன்று கிடைத்தால், புதிய கிணற்றுக்கட்டின் ஈரச் சீமெந்தில் அதைப் பதித்து வையுங்கள். தண்ணீர் அள்ள வரும் பிள்ளை அது என்னவென்று கேட்கும். அப்போது சொல்ல உங்களிடம் ஒரு கதை இருக்கும்.