மூணு லட்ச ரூபாய் ஊசி

திருச்சியில் அப்பாவுக்குக் காலில் ஆறாத சர்க்கரைப் புண். "ஸ்டெம் செல் ஊசி போட்டா ஆறிடுமாம், மூணு லட்சம் கேக்குறாங்கடா" என்றார் அம்மா. பணம் அனுப்பத்தான் நினைத்தேன்.

நானிருக்கும் லண்டனில், கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில், தோல் உரியும் பிறவி நோயுள்ள 10 குழந்தைகளுக்கு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களைச் செலுத்திப் பார்த்தார்கள். 2015-இல் முடிவு வெளியானது. வலி குறைந்தது, புண் சீக்கிரம் ஆறியது என்றார்கள் பெற்றோர். தோலை ஒட்டவைக்கும் புரதம் மட்டும் கூடவில்லை. அங்கேயே இன்னும் ஆய்வுதான்!

ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று தவிர மற்றதெல்லாம் ஆய்வு மட்டுமே, அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது என்றது ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டி.

"எந்த ட்ரையல்னு கேளும்மா" என்றேன். கேட்டாராம். "அதெல்லாம் எதுக்கும்மா உங்களுக்கு?" என்றார்களாம்.

இப்போது தினமும் டிரெஸ்ஸிங். அந்தக் காலை ஊன்றாமல் இருக்கத்தான் அப்பா அடம்பிடிக்கிறார்.