உழைப்பின் களைப்பும் பணிச்சோர்வும்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது மாட்டுப்பட்டி. பெயருக்கு ஏற்ப இவ்வூர் கால்நடைகளால் புகழ் பெற்றது. இந்தியாவும் சுவிட்சர்லாந்தும் செய்து கொண்ட உடன்படிக்கையின்படி 1963-ஆம் ஆண்டில் கால்நடை அபிவிருத்தித் திட்டம் ஒன்று உருவாயிற்று. பிரௌன் சுவிஸ் காளைகளை நாட்டுப் பசுக்களுடன் கலந்து, ‘சுனந்தினி’ என்னும் கலப்பினம் தோன்றுவதற்கு இத்திட்டமே வழிகோலியது.

பசு வளர்ப்போர் யாவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. புதிய ஆள் கறக்க வந்தாலும், அருகில் நாய் குரைத்தாலும் பசு பாலை அடக்கிக் கொள்ளும். பால் இறங்கத் துணை புரிவது ஆக்ஸிடோசின் என்னும் ஹார்மோன். பசு மிரண்டதும் அதன் உடலில் பெருகும் அட்ரினலின் இவ்வேலையைத் தடுத்து விடுகிறது. அச்சம் நீங்கியதும் பால் பழையபடி இறங்குகிறது. ஆனால் நிழலும் போதிய நீருமின்றிப் பல வாரங்கள் கடும் வெப்பத்தில் துன்புற்ற பசுவின் நிலை வேறு. அது தீனியைக் குறைக்கிறது, பால் குறைகிறது, சினை பிடிப்பது தவறுகிறது. ஒரு நாள் நிழலில் கட்டுவதால் மட்டும் இந்நலிவு தீர்ந்து விடாது.

மனிதனிடத்திலும் இவ்விரு நிலைகள் உண்டு. முன்னதை மன இறுக்கம் என்றும், வேலையின் காரணமாக வரும் பின்னதைப் பணிச்சோர்வு என்றும் கூறலாம். பசுவிடம் இவ்வேறுபாட்டை எளிதில் கண்டுகொள்ளும் ஊழியர், தம்மிடத்தில் அதைக் காணத் தவறுவதே பெரும்பாலும் நிகழ்கிறது.

உடல் செய்யும் ஏற்பாடு

ஆபத்து நேரும்போது இதயம் விரைந்து துடிப்பதும், தசைகளுக்கு இரத்தம் மிகுதியாகப் பாய்வதும் எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடல் செய்து கொள்ளும் ஆயத்தம் என்பதை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கானன் 1915-ஆம் ஆண்டில் விளக்கினார். 1936-இல் கனடாவில் ஆராய்ச்சி செய்து வந்த ஹான்ஸ் செல்யே, எலிகளைப் பலவகைத் துன்பங்களுக்கு உட்படுத்தி ஆராய்ந்து, உடல் மூன்று கட்டங்களைக் கடப்பதாகக் கூறினார். முதலாவது எச்சரிக்கை, இரண்டாவது எதிர்த்து நிற்றல், துன்பம் நீடித்தால் மூன்றாவதாக வருவது ஆற்றல் தீர்ந்து போதல்.

ஆகவே மன இறுக்கம் தன்னளவில் தீயதன்று. பள்ளி ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் ஆசிரியர் பரபரப்படைவதும், மழையில் கன்று ஈனத் தவிக்கும் பசுவை நாடிச் சரிவில் ஏறும் கால்நடை ஊழியரின் நெஞ்சு படபடப்பதும் இயற்கையே. வேலை முடிந்ததும் அது அடங்கி விடுகிறதா என்பதே கேள்வி.

எரிந்து அணைதல்

1974-ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற உளவியல் அறிஞர், நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் கண்டவற்றை எழுதினார். மிகுந்த ஆர்வத்துடன் தொண்டாற்ற வந்தவர்களே நாளடைவில் சோர்ந்து, எரிச்சலுற்று, எதிலும் பற்றற்றவராயினர். இந்நிலைக்கு அவர் இட்ட பெயருக்கு ‘எரிந்து அணைதல்’ என்பது பொருள். 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக் என்பவரும் சூசன் ஜாக்சன் என்பவரும் இதனை அளக்க ஒரு வினாத்தாளை வெளியிட்டனர்.

உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறையில் உள்ள தனது நோய் வகைப்பாட்டில், இதனை ஒரு நோயாகக் கொள்ளாமல், பணி சார்ந்த நிலையாகவே குறித்துள்ளது. நெடுநாள் நீடித்தும் சீர் செய்யப்படாத பணி இறுக்கத்தின் விளைவு இது என்பது அதன் விளக்கம். அடையாளங்கள் மூன்று: ஆற்றல் வற்றிய உணர்வு, வேலையினின்று மனம் விலகுதல் அல்லது வேலையைப் பற்றிய கசப்பு, செயல்திறன் குறைதல்.

வேறுபடுத்துவது எப்படி?

முதலாவது, ஓய்வின் பயன். விடைத்தாள் திருத்திக் களைத்த ஆசிரியர், ஓணம் விடுமுறை முடிந்ததும் தெளிவுடன் திரும்பினால் அது களைப்பு. விடுமுறையின் கடைசி நாளன்றே நெஞ்சு கனத்து, முதல் மணியடிக்கும்போதே பழைய அயர்வு கவிந்தால் அது ஆராயத் தக்கது.

இரண்டாவது, உணர்ச்சியின் தன்மை. மன இறுக்கத்தில் உள்ளவர், ‘இவ்வேலை முடிந்தால் போதும்’ என்று பதறுகிறார். பணிச்சோர்வில் உள்ளவர், ‘முடிந்தால்தான் என்ன?’ என்று இருந்து விடுகிறார்.

மூன்றாவது, பிறரிடம் நடந்து கொள்ளும் முறை. லயத்துப் பிள்ளைகளின் பெயர்களை எல்லாம் அறிந்திருந்த ஆசிரியருக்கு அவர்கள் வெறும் வருகைப் பதிவு எண்களாகத் தோன்றுவதும், விவசாயியின் அழைப்பு ஊழியருக்குத் தொல்லையாகவே படுவதும் முக்கியமான குறிகள். இவற்றைச் சோம்பல் என்று கருதுவது தவறு.

நான்காவது, பரவும் எல்லை. பணிச்சோர்வு முதன்மையாக வேலையைச் சார்ந்தது. வீட்டிலும் திருவிழாவிலும் கூட மகிழ்ச்சியின்றி, பசியும் உறக்கமும் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தோன்றுமாயின், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். உடனே மருத்துவரை நாட வேண்டும். இரத்தச் சோகை, தைராய்டு குறைவு, நீரிழிவு ஆகியவையும் அயர்வை உண்டாக்குமாதலால் உடற் பரிசோதனையும் அவசியம்.

நீர்த்தேக்கம் காட்டும் உண்மை

மாட்டுப்பட்டி அணையில் தேங்கும் நீர், 1940-இல் மின்சாரம் வழங்கத் தொடங்கிய பள்ளிவாசல் நிலையத்திற்குப் பயன்படுகிறது. கோடையில் நீர்மட்டம் தாழ்கிறது; பருவமழையில் உயர்கிறது. இத்தாழ்வு கண்டு யாரும் அஞ்சுவதில்லை. ஆனால் வரத்தைவிட மிகுதியாக ஆண்டுதோறும் நீரை எடுத்தால் தேக்கம் வறண்டே தீரும். அப்பொழுது மதகைக் குறை கூறிப் பயனில்லை. வரத்தையும் செலவையும் கணக்கிட வேண்டும்.

பணிச்சோர்வும் அத்தகையதே. மிகையான வேலை, முடிவெடுக்கும் உரிமையின்மை, பாராட்டின்மை, சகஊழியரிடையே ஒற்றுமைக் குறைவு, நியாயமின்மை, தம் கொள்கைக்கும் இட்ட பணிக்கும் முரண்பாடு ஆகிய ஆறும் இதற்கு வழிகோலுவனவாக மாஸ்லாக்கும் மைக்கேல் லீட்டரும் காட்டியுள்ளனர். இவற்றுள் பெரும்பாலானவை தனி மனிதரின் மனவுறுதியால் மட்டும் மாறக் கூடியவை அல்ல.

செய்யத் தக்கவை

ஊழியர் போதிய அளவு உறங்குவதும், வேலை நேரத்திற்கு ஓர் எல்லை வகுப்பதும், நம்பத் தக்க ஒருவரிடம் மனம் திறந்து பேசுவதும் நலம். மேலதிகாரிகளும் தலைமையாசிரியர்களும் தேவையற்ற பதிவேடுகளைக் குறைத்து, கடினமான பகுதிகளின் பொறுப்பை முறைவைத்துப் பகிர்ந்தளிக்கலாம். இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையின் 14416 என்னும் எண்ணில் இலவசமாக ஆலோசனை பெறலாம், தமிழிலும் பேசலாம்.

பால் குறைந்த பசுவை அடித்துக் கறக்க அறிவுடைய விவசாயி முற்படுவதில்லை. தீனியையும், நீரையும், தொழுவத்தையும் முதலில் பார்க்கிறார். ஆர்வம் குன்றிய ஊழியரிடத்திலும் அதே விவேகம் காட்டப்படுமாயின், நல்ல பணியாளர் பலரை நாம் இழக்காமல் காக்க இயலும்.