உங்களுக்குத் தெரியுமா? நிலவு ‘பக்கத்தில்’, விண்மீன் ‘முடிவிலியில்’

இரு திசையன்களுக்கு இடையிலான தொலைவைத் தொடராக விரிக்கும் கணக்கு, புனேவுக்கு வடக்கே, நாராயண்காவ் அருகிலுள்ள கோடத்தில் அன்றாடம் பயன்படுகிறது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவான ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ண ஆன்டெனாக்கள். அவற்றுக்கிடையே அதிகபட்ச இடைவெளி சுமார் 25 கி.மீ.

ஓர் ஆன்டெனாவிலிருந்து வான்பொருளின் தொலைவு தெரிந்தால், அடுத்த ஆன்டெனாவிலிருந்து உள்ள தொலைவைத் தொடராக எழுதலாம். முதல் உறுப்பு, அதே தொலைவு. இரண்டுக்கும் பொது என்பதால் அது கழிந்துவிடும். இரண்டாவதில்தான் உயிரே இருக்கிறது: இடைவெளியை, அது வான்பொருளின் திசையோடு அமைக்கும் கோணத்தின் கொசைனால் பெருக்கிக் கழிக்க வேண்டும். அலை ஓர் ஆன்டெனாவை எவ்வளவு முந்தி எட்டுகிறது என்பதை இதுவே சொல்கிறது. 25 கி.மீ. இடைவெளிக்கு இந்த நேர வேறுபாடு அதிகபட்சம் சுமார் 83 மைக்ரோவிநாடி.

மூன்றாவது உறுப்பில் இடைவெளியின் வர்க்கம், தொலைவின் இருமடங்கால் வகுபடுகிறது. உடன் சைனின் வர்க்கமும் பெருக்கலில் வரும். சூரியனை அடுத்து மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்ஸிமா சென்டாரிக்கே இதன் மதிப்பு ஒரு மீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு, தயங்காமல் விட்டுவிடலாம். 3,84,000 கி.மீ. தொலைவிலுள்ள நிலவுக்கோ அது 81 செ.மீ. வரை போகும். ஹைட்ரஜன் வெளியிடும் ரேடியோ அலையின் நீளமே 21 செ.மீ.தான். ஆகவே நிலவை நோக்கும்போது மூன்றாம் உறுப்பைச் சேர்த்தே தீர வேண்டும்.