கதிர்வீச்சும் உயிர்க்கலமும்: உழைப்போர் நோக்கில் ஒரு விளக்கம்

ஹட்டன் வழியாக வந்து நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாத மலையேறுவோர், உச்சிக்கு அப்பால் சப்ரகமுவ மாகாணம் விரிந்து கிடப்பதைக் காண்பர். அம்மாகாணத்துப் பலாங்கொடைப் பகுதியிற் கிடைத்த கரிய கனியமொன்றை 1904 இல் ஆனந்த குமாரசுவாமி ஆராய்ந்தார். கலை வரலாற்றறிஞராக நாம் போற்றும் அவர் அக்காலத்தில் இலங்கையின் கனிப்பொருள் அளவைக்குப் பொறுப்பாயிருந்தவர். தோரியனைற்று எனப் பின்னர் பெயர்பெற்ற அக்கனியம் கதிர்வீசும் தோரியத்தையும் யுரேனியத்தையும் கொண்டது. எனவே கதிர்வீச்சு நமது மலைகளுக்கு அந்நியமானதன்று. அது உயிர்களை எவ்வாறு தாக்குகின்றது என்பதையே இங்கு விளக்க முற்படுகின்றோம்.

அயனாக்கும் கதிர் கலத்தினூடு செல்லுங்கால் அணுக்களிலிருந்து இலத்திரன்களை வெளியேற்றுகின்றது. கலத்தின் பெரும்பகுதி நீராகும். அந்நீர் சிதைவதால் தோன்றும் தாக்குதிறன் மிக்க கூறுகளும் பரம்பரைப் பொருளான டீ.என்.ஏ.யைப் பழுதாக்குகின்றன. ஓரிழை அறுந்தாற் கலம் பெரும்பாலும் அதனைச் செப்பனிட்டுக்கொள்ளும். ஈரிழையும் ஒருங்கே அறுந்தாற் செப்பனிடல் பிழைக்கலாம். அதன் விளைவு கலத்தின் இறப்பு, அன்றேல் விகாரம். எக்ஸ் கதிர் பழ ஈக்களில் விகாரங்களைத் தோற்றுவிப்பதை 1927 இல் ஹேர்மன் முல்லர் நிறுவினார். எலும்பு மச்சை, குடற்சுவர், கருவிலுள்ள சிசு ஆகியவற்றின் விரைந்து பிரியும் கலங்களே பெரிதும் பாதிக்கப்படுவன.

பெறும் அளவும் அது பெறப்படும் வேகமும் முக்கியமானவை. 1945 இல் ஹிரோசிமாவில் கணப்பொழுதிற் பெருமளவு கதிர்வீச்சுக்கு உள்ளாகித் தப்பியோரிடையே இரத்தப் புற்றுநோய் மிகுந்தது. மாறாக, கேரளத்துக் கருநாகப்பள்ளியில் மொனசைற்று மணலின் இயற்கைக் கதிர்வீச்சிடையே வாழும் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரி பத்தரை ஆண்டுகள் அவதானித்து 2009 இல் வெளியான ஆய்வு, அதனாற் புற்றுநோய் மிகுந்தமைக்குச் சான்று காணவில்லை.

ஆயினும் இவ்வறிவு யாருடைய உடல்களிலிருந்து பெறப்பட்டது என்பதும் கேட்கத்தக்கது. 1920 களில் ஐக்கிய அமெரிக்காவிற் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் பூசிய இளம்பெண்கள் தூரிகை முனையை உதடுகளாற் கூராக்கினர். கல்சியத்தைப் போன்று ரேடியமும் அவர்களது எலும்புகளிற் படிந்தது. தாடை அழுகிப் பலர் மாண்டனர். 1928 இல் நியூ ஜேர்சியில் ஐவர் வழக்காடி இழப்பீடு பெற்றனர். 1941 இல் வகுக்கப்பட்ட ரேடிய எல்லையளவு இத்தகைய தொழிலாளரின் உடல்களை அளந்து பெறப்பட்டதே.

கதிர் வர்க்கபேதம் அறியாது. அதன்முன் யாரை, எவ்வித அறிவிப்புமின்றி நிறுத்துவது என்பதை உற்பத்தி உறவுகளே தீர்மானிக்கின்றன. கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி எக்ஸ் கதிர்ப் படமெடுக்கச் செல்கையில், கருவுற்றிருப்பின் அதனை முன்னரே தெரிவிக்க வேண்டுமென அவளது மொழியிலேயே அவளுக்கு அறிவிக்கப்படுதல் வேண்டும். தேவையான படத்தை அஞ்சித் தவிர்க்க வேண்டியதில்லை என்பதும் உடன் சொல்லப்படல் வேண்டும். தமிழில் விஞ்ஞானம் எழுதுவோரின் கடமை இவ்விடத்திலேயே தொடங்குகின்றது.