தொட்டிக்குள் ஒரு பாலை – 9: மழை ஊரில் அடீனியம்

சீனப் புத்தாண்டு நெருங்கினால் மலேசியாவின் நிபோங் திபால் பக்கத்து நர்சரிகளில் அடீனியத்துக்குத் தனி மவுசு. பானை வயிறாகப் பருத்த அடித்தண்டு, உச்சியில் கொத்துக் கொத்தாகப் பூ. செல்வம் தரும் செடி என்று சீனர்கள் வாங்குகிறார்கள், நம்மவர்கள் அழகுக்கு. ஜனவரியும் பிப்ரவரியும் இங்கே மழை குறைந்த மாதங்கள் என்பதால் வாங்கும்போது குறையே தெரியாது. ஏப்ரலில் மழை பிடித்ததும் இலை மஞ்சளாகும். அதில் தப்பியது அக்டோபர் அடைமழையில் போய்ச் சேரும்.

சஹாராவுக்குத் தெற்கேயும் அரேபியாவிலும் உள்ள வறண்ட நிலம் இதன் தாய்வீடு. ஏமனில் இதைக் கண்டு குறித்துவைத்த தாவரவியலாளர் ஃபோர்ஸ்கால் 1763இல் அங்கேயே இறந்துபோனார். குறிப்புகள் 1775இல்தான் அச்சேறின. சில மாத மழையைத் தண்டில் சேமித்து மிச்ச நாளை ஓட்டும் செடி இது. அதைக் கொண்டுவந்து, ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் கிரியான் ஆற்றோரத்தில் வைக்கிறோம்.

இருந்தாலும் மழையைவிட மண்ணைத்தான் நான் குற்றம் சொல்வேன். கடையில் கிடைக்கும் கறுப்பு மண்ணும் தென்னை நார்த்தூளும் ஈரத்தை விடாது. வேருக்குக் காற்று போகாமல் பூஞ்சை ஏறுகிறது. ஆற்றுக்கு அப்பால் நெல் விளையும் சீமை, உமிக்குப் பஞ்சமில்லை. கருக்கிய உமி, பெருமணல், செங்கல் துண்டு, கொஞ்சம் கரி போதும். தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பதை விட்டுவிடுங்கள்.

இலை வாடினால் உடனே தண்ணீர்க் குவளையைத் தூக்காதீர்கள். தண்டை அமுக்கிப் பாருங்கள். தாகத்தில் தண்டு முழுவதும் ஒரே சீராகத் தளர்ந்து சுருங்கும்; தண்ணீர் விட்டால் சில நாளில் இறுகிவிடும். அழுகல் அப்படியில்லை. ஓரிடம் மட்டும், பெரும்பாலும் அடியில், கொழகொழத்து நாறும். அதற்கும் தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது.

அழுகல் என்றால் பிடுங்கி, வேரைக் கழுவி, வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். வெட்டுவாயில் கந்தகத்தூள் தடவி, காயம் காயும்வரை நிழலில் தொங்கவிடுங்கள். மண்ணில்லாமல் செத்துவிடாதா என்று பதற வேண்டாம். திருஷ்டிக்கென்று தமிழ்நாட்டில் வாசலில் கட்டும் ஆகாச கருடன் கிழங்கும் இப்படித்தான். கயிற்றில் தொங்கியபடியே கொடிவிடும். காய்ந்த கலவையில் நட்ட பிறகும் சில நாள் தண்ணீர் காட்டாதீர்கள்.

செடியின் பால் கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவிய விஷம் அது, இதயத்தைத் தாக்கும்.

தண்டே பருக்கவில்லை என்று குறைப்படுபவர்கள் பெரும்பாலும் போத்து நட்டவர்கள். விதைச்செடிக்கு வரும் வயிறு போத்துக்கு வாய்ப்பது அரிது.

இத்தனை விஷத்தையும் தின்று செரிக்கிற பச்சைப்புழு ஒன்று உண்டு. அரளியில் வருமே, அதேதான். அடுத்த வாரம் அதைப் பிடிப்போம்.

(தொடரும்)