பக்கத்து வீட்டு நிறம்

கல்யாண ஸ்டுடியோ நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “போட்டோ எடிட்டிங்குக்கு டெஸ்க்டாப் வாங்க வேண்டும். கடையில் ‘ஏஐ பிசி’ ஸ்டிக்கர் ஒட்டிய ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். வாங்கலாமா? கிராபிக்ஸ் கார்டு தனியாகத் தேவையா?”

ஸ்டிக்கரைச் சுரண்டுவதற்கு முன் கேமராவுக்குள் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். கேமரா அரைகுறையாக விட்ட படத்தை முடித்துக் கொடுப்பதுதான் கம்ப்யூட்டருக்கு முதல் வேலை.

அரைகுறை என்றுகூடச் சொல்ல முடியாது. மூன்றில் ஒரு பங்குதான் தேறும். 24 மெகாபிக்சல் சென்சாரில் 24 மில்லியன் பிக்சல்கள். எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று மட்டுமே அவற்றுக்குத் தெரியும், என்ன நிறம் என்று தெரியாது. அதனால் ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒரு வடிகட்டியைக் கவிழ்த்திருக்கிறார்கள். ஒரு பிக்சலுக்கு ஒரே நிறம். முழுப் படத்துக்கு வேண்டிய 72 மில்லியன் எண்களில் 48 மில்லியன் எண்கள் ஊகம். மணப்பெண்ணின் கூரைப்புடவைச் சிவப்பும் பெரும்பாலும் கணக்குதான்.

அந்த ஊகத்தில்தான் சுவாரசியம். வரிசை வரிசையாக வீடு கட்டிய காலனி ஒன்று. வீட்டுக்கு ஒரு பதார்த்தம்தான் சமைக்கலாம் என்று சட்டம். வீடுதான் பிக்சல், பதார்த்தம்தான் நிறம்: பாதி வீடுகளில் சாம்பார் (பச்சை), கால்வாசியில் ரசம் (சிவப்பு), கால்வாசியில் பொரியல் (நீலம்). ரசம் வீட்டுக்கு நான்கு பக்கமும் சாம்பார் வீடுகள், நான்கு மூலையிலும் பொரியல் வீடுகள். சாம்பார் வீட்டுக்கு இரண்டு பக்கம் ரசம், இரண்டு பக்கம் பொரியல். எல்லாரும் அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு கரண்டி வாங்கிக் கலந்து சாப்பாட்டை முடித்துக்கொள்கிறார்கள். காலனி முழுக்க ஒரே கைப்பக்குவம் என்றால் பிரச்சினையில்லை. வெறும் சுவர், வானம் எல்லாம் இப்படித்தான் பழுதில்லாமல் வருகின்றன.

நடுத்தெருவுக்கு இந்தப் பக்கம் செட்டிநாடு, அந்தப் பக்கம் உடுப்பி என்றால்? எல்லை வீட்டுக்காரர் காரச் சாம்பாரையும் வெல்லச் சாம்பாரையும் கலந்து, இரண்டு ஊரிலும் இல்லாத ஒன்றைச் சாப்பிடுவார். ஜரிகையின் நுண்கோடுகளில் புடவையிலேயே இல்லாத வானவில் மினுக்குவது இதனால்தான். நல்ல மென்பொருள் முதலில் இடம் வலமும் மேல் கீழும் ருசி பார்த்து எல்லை எந்தத் திசையில் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும்; பிறகு எல்லையைத் தாண்டாமல் அதன் ஓரமாகவே கடன் வாங்கும். இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. சாம்பாரில் காரம் ஏறும் தெருவில் ரசத்திலும் ஏறும். அதனால் ரசத்தின் காரத்தைக் கேட்காமல், சாம்பாரைவிட எவ்வளவு கூட, குறைய என்று மட்டும் கேட்டுக்கொள்ளும். இதற்கு மேல் போனால் அப்பளத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டிவரும்.

வரலாறு இல்லாமல் கட்டுரையை விட மாட்டீர்கள். இந்த வடிகட்டி அமைப்புக்கு 1976இல் காப்புரிமை பெற்றவர் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர். நம் கண் நுணுக்கங்களைப் பச்சையில்தான் அதிகம் பிடிக்கிறது என்பதால் பச்சைக்குப் பாதி இடம் ஒதுக்கினார். ஃபிலிம் விற்றே வாழ்ந்த அந்த நிறுவனம் 2012இல் திவால் பாதுகாப்பு கோரியது. போதும்.

ஜேபெக் எடுத்தால் இந்தக் கணக்கைக் கேமராவே அவசரமாகப் போட்டுவிடுகிறது. ரா ஃபைல் என்றால் உங்கள் டெஸ்க்டாப்தான் போட வேண்டும். விரிந்த படத்தில் நிறத்துக்கு இரண்டு பைட் வீதம் 144 மெகாபைட். அதுவும் ஒரு லேயருக்கு. பத்து லேயர் போட்டால் ஒன்றரை ஜிபியை நெருங்கும். கூடவே பழைய நிலைகளையும் போட்டோஷாப் நினைவில் வைத்திருக்கும். எனவே 32 ஜிபி ரேம். ரேம் நிரம்பினால் வழிவது டிஸ்க்கில். அது என்விஎம்இ எஸ்எஸ்டியாக இருக்கட்டும். ஹார்ட் டிஸ்க்கில் பழைய ஆல்பங்களைப் போட்டுவையுங்கள். பிராசசரில் கோர்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம்: போட்டோஷாப்பின் பல வேலைகள் எல்லாக் கோர்களையும் தொடுவதேயில்லை.

கிராபிக்ஸ் கார்டு? 24 மில்லியன் வீடுகளில் ஒரே சின்னக் கணக்கை ஒரே நேரத்தில் போடுவதற்கென்றே பிறந்தது அது. 2023இல் அடோபி லைட்ரூமில் வந்த ஏஐ டீநாய்ஸ், நிறம் நிரப்புவதையும் இரைச்சல் நீக்குவதையும் நியூரல் நெட்வொர்க் கொண்டு சேர்த்தே செய்கிறது. மங்கலான மண்டபத்தில் ஐஎஸ்ஓவை ஏற்றி எடுத்த படங்களுக்கு அது உண்மையிலேயே உதவும். நல்ல கார்டில் சில நொடிகளில் முடிவது, கார்டு இல்லாவிட்டால் நிமிடக்கணக்கில் இழுக்கும். முழுக் கல்யாணத்துக்கும் பெருக்கிப் பாருங்கள். அந்த வசதியைத் தொடப்போவதில்லை, கிராப்பும் கலர் கரெக்‌ஷனும்தான் வேலை என்றால் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும்.

‘ஏஐ பிசி’ ஸ்டிக்கர் குறிப்பது பிராசசருக்குள்ளேயே ஏஐ கணக்குக்கென்று இருக்கும் என்பியு என்ற வேறொரு பகுதியை. மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பது அதன் பெருமை. பேட்டரியில் ஓடும் லேப்டாப்புக்கு நல்லது. சுவர் பிளக்கில் சொருகிய டெஸ்க்டாப்புக்கு அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பானேன்? வண்ண விளக்கு எரியும் கேபினட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மிச்சமாகும் பணத்தை மானிட்டரில் போடுங்கள். எஸ்ஆர்ஜிபி வரம்பை முழுதாகக் காட்டும் ஐபிஎஸ் திரையும், அதை அளந்து திருத்தும் கேலிப்ரேட்டரும் வேண்டும். அசையாத படத்துக்கு 240 ஹெர்ட்ஸ் எதற்கு? வாங்கியதும் பிரைட்னஸைக் குறையுங்கள். பிரிண்டுக்குப் போகும் படத்துக்குச் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா போதும். கடையில் கண்ணைப் பறித்த திரை அதைப்போல இரண்டு மடங்குக்கு மேலும் எரியலாம். அந்த வெளிச்சத்தில் திருத்திய படம் ஆல்பத்தில் இருட்டடித்துத்தான் வரும், லேப்காரரை எவ்வளவு திட்டினாலும்.